அடித்த கையிடம் கேட்ட சம்மதம்

“…அடிச்சதும் நான், கட்டினதும் நான், இப்ப காலை வெட்டுங்கோ எண்டு சொல்லவேண்டியதும் நானோ, அன்ரி?”

அந்தப் பேச்சின் முன்பாதி எனக்குக் கேட்கவில்லை. கடையின் பின்பக்கக் குசினியில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தேன். குற்றியில் வைத்துக் கத்தியின் முதுகால் ஓங்கிப் போட்டால்தான் நண்டின் ஓடு வெடிக்கும். தலைக்கு மேலே புகை இழுக்கிற மெஷின் வேறு இரைந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவன் பின்கதவில் நிற்கிறான். கன்னத்தில் யாரோ நகத்தால் உழுத மாதிரி ஒரு நீளக் கீறல். சேர்ட் முழுக்க இரத்தம். அவ்வளவு இரத்தம் அந்தக் கீறலிலிருந்து வந்திருக்காது.

“ஆற்றை காலடா?” என்றேன்.

“அண்ணையின்ர.”

கத்தியைக் கீழே வைத்தேன்.

இதில் ஒருவருக்கும் பெயர் போடப்போவதில்லை. காலுக்குரியவரை மூத்தவர் என்றும், கதவில் நின்றவனை இளையவன் என்றும் எழுதுகிறேன். இரண்டு பேருக்கும் இடையில் ஒரு சொட்டு இரத்த உறவும் கிடையாது. மூத்தவர் முல்லைத்தீவுப் பக்கம். ஐம்பது வயது இருக்கும். குடும்பம் என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. இளையவன் மன்னார். மனைவியும் ஒரு மகளும் ஊரில். இவர்களோடு இன்னொருவன், அவனை மற்றவன் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேரும் படகில் வந்தவர்கள், மூன்று பேருக்கும் இன்றைக்கோ நாளைக்கோ என்று தொங்குகிற விசா. சிட்னிக்கு மேற்கே, எங்கள் கடைக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்தார்கள்.

மூத்தவருக்குக் கட்டடம் இடிக்கிற வேலை. சனி, ஞாயிறில் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் அன்னதானத்துக்குக் காய் வெட்ட வருவார். நானும் போவேன். அங்கேதான் பழக்கம். உண்மையைச் சொன்னால் அவருடைய வாய்க்காகத்தான் பழகினேன். எனக்குப் பள்ளிப் படிப்பு குறைவு. படித்ததெல்லாம் மனிதர் வாயில் கேட்டுப் படித்ததுதான். யாராவது ஒரு நல்ல பேச்சுப் பேசிவிட்டால் அன்று முழுக்க அதை நாக்கில் போட்டு உருட்டிக்கொண்டு திரிவேன். மூத்தவர் பூசணிக்காயைப் பிளந்துகொண்டே சொல்லுவார்:

“அக்கா, இடிக்கிற வேலையில ஒரு சுகம். நீ இடிச்சது கோணல் எண்டு ஒருத்தனும் வந்து குறை சொல்லேலாது.”

இன்னொரு நாள்: “சாகிறதுக்கு எனக்குப் பயமில்லை. சாகேக்க உடுத்த சாரம் இடுப்பில இருக்கோணும், அவ்வளவுதான்.”

அந்த வாய்தான் அவருக்கு அடி வாங்கிக் கொடுத்தது.

இளையவன் நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் கொட்டினான். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. நடந்தது போன கிழமை. அவன் குசினி மேசையில் ஃபோனை நிறுத்தி வைத்து மனைவியோடு கதைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அன்றைக்கு அவள் சொல்லிவிட்டாள், இனிக் காத்திருக்க ஏலாது என்று. “மகள் என்னை மாமா எண்டு கூப்பிடுறாள் அன்ரி. அப்பா எண்டு சொல்லு எண்டு தாய் சொல்லிக் குடுக்கக்கூட இல்லை.” ஃபோன் நின்றது. அப்போது அடுப்படியில் நின்ற மூத்தவர் வழக்கம்போல ஒரு கதையை எறிந்திருக்கிறார்:

“அவள் உன்னையோடா பார்த்தவள்? உனக்குப் பின்னால நிக்கிற ஃபிரிட்ஜையல்லோ பார்த்தவள். ஃபிரிட்ஜை அனுப்பிவிடு, அதோட சந்தோசமா இருப்பாள்.”

இந்த ஃபிரிட்ஜ் கதை பழைய கதை. எங்கள் கடையில் வைத்துச் சொல்லி எல்லாரும் சிரித்தது, இளையவனும் சேர்ந்து சிரித்தது. அன்றைக்கு மட்டும் அவன் சிரிக்கவில்லை. வெளியே போனான். காரின் பின்பெட்டியில் கிடந்த, காரைத் தூக்குகிற ஜக் கம்பியை எடுத்துக்கொண்டு வந்தான். முதல் அடி மேசையில். அடுத்தது அலுமாரிக் கண்ணாடியில். மூத்தவர் “டேய், டேய், வீட்டுக்காரன்ர சாமானடா” என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டியிருக்கிறார். பிறகு காலில் விழுந்தது, முழங்காலுக்குக் கீழே.

“சத்தம் கேட்டது அன்ரி. கரும்பு முறிக்கிற சத்தம். கேட்டும் நான் நிப்பாட்டேல்லை.”

விழுந்த மனிதனுக்குத் திரும்பவும் போட்டிருக்கிறான். மற்றவன் ஓடி வந்து பின்னால் பிடித்து இழுத்து, இரண்டு பேரும் உருண்டு, கண்ணாடித் துண்டுகளில் முழங்கைகள் கிழிந்து, அதற்குப் பிறகுதான் கம்பி கையை விட்டு விழுந்தது.

இவ்வளவும் நடந்த பிறகு ஒரு சாதாரண மனிதன் என்ன செய்வான்? ஆம்புலன்ஸைக் கூப்பிடுவான். இவர்கள் கதவைப் பூட்டினார்கள். மற்றவன்தான் சொன்னானாம்: “ஆஸ்பத்திரி எண்டால் கேள்வி. கேள்வி எண்டால் பொலிஸ். பொலிஸ் எண்டால் விசா. விசா எண்டால் பிளேன்.” தரையில் கிடந்த மூத்தவரும் அதற்குத் தலையாட்டியிருக்கிறார். “பெடியனை ஏத்தி அனுப்பிப்போடுவாங்கள். பேசாமல் கட்டுங்கோடா” என்றிருக்கிறார். அடிபட்டவர் வாயால் வந்த பேச்சு இது.

கட்டினது இளையவன். அவனுடைய தகப்பன் ஊரில் முறிவு கட்டுகிறவர். சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான், அவ்வளவுதான் படிப்பு. உழுத்தம்மாவும் மஞ்சளும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்து, சீலையில் பூசி, பழப்பெட்டிச் சட்டங்களை இரண்டு பக்கமும் வைத்து, உடுக்கிற சாரத்தைக் கிழித்து இறுக்கிச் சுற்றினான். பத்துப் போட்டுக் கட்டுவது என்போம். இறுக்கினால்தான் எலும்பு பொருந்தும், வலித்தால் பிடிக்கிறது என்று அர்த்தம், இது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். நானே இரண்டு பேருக்குச் சொல்லியிருப்பேன். “அப்பா கட்டினால் மாடே எழும்பி நடக்கும் அன்ரி.” அதனால் இன்னும் ஒரு சுற்று இறுக்கினான். பாவம் பார்த்து, பயந்து, அடித்த பலத்தையெல்லாம் கட்டுவதிலும் காட்டினான்.

மூத்தவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. பாதத்தில் சுரணை குறைவு. கட்டுக்குள்ளே கால் செத்துக்கொண்டிருந்தது அவருக்கே தெரியவில்லை. விரல்கள் நிறம் மாறினபோது மஞ்சள் ஊறிவிட்டது என்று நினைத்தார்களாம். பிறகு மணம். பிறகு காய்ச்சல். இளையவன் என் கடைக்கு வந்த அன்று காலை அவர் சுவரைப் பார்த்துச் சண்டை பிடிக்கத் தொடங்கியபோதுதான் ஆம்புலன்ஸ் வந்தது.

ஆஸ்பத்திரியில் இளையவன் தன்னைத் தம்பி என்று சொல்லியிருக்கிறான். கூடப்பிறந்த தம்பி. சொந்தம் இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள் என்ற பயம். இந்தப் பொய்யை நம்மவர்களில் சொல்லாதவர் குறைவு. பக்கத்து வீட்டுக்காரிக்குத் தங்கச்சியாகி நானும் கஞ்சி கொண்டுபோயிருக்கிறேன். என்ன வித்தியாசமென்றால், என்னிடம் கஞ்சியைத்தான் வாங்கினார்கள், சம்மதம் கேட்கவில்லை.

ஏப்ரனைக் கழற்றி என் கணவரிடம் கொடுத்தேன். “நண்டு அரைவாசி கிடக்கு, பாத்துக்கொள்ளுங்கோ.”

“எங்க போறாய்?”

“சண்டைக்கு” என்றேன். வேறு சொல் வரவில்லை.

காரில் இளையவன் கையிரண்டையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தான்.

“நீ தம்பியில்லை எண்டு சொல்லவேணும்” என்றேன்.

“சொன்னால் ஆர் ஓம் எண்டு சொல்லுறது? அவருக்கு ஆர் இருக்கினம்? ஆளில்லாமல் செத்துப்போவார்.”

“செத்தால் உன்னை என்ன செய்வாங்கள் எண்டும் யோசிக்கிறாய்தானே?”

“ஓம் அன்ரி. அதையும் யோசிக்கிறன். ரெண்டையும் பிரிக்கத் தெரியேல்லை” என்றான்.

அந்த ஒரு பேச்சுக்காகத்தான் அன்றைக்கு அவனை வெறுக்க முடியாமல் போனது.

வார்டு வாசலைத் தாண்டுமுன்னமே மூத்தவரின் குரல் கேட்டது. “கட்டை ஏன்ரா அவிழ்த்தனியள்? தம்பி கட்டின கட்டு! ஆரைக் கேட்டு அவிழ்த்தனியள்?” உள்ளே போனேன். ஒரு நேர்ஸ் மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு எதிரே வந்தாள். விரலிடுக்கில் இரத்தம். கையில் ஏற்றியிருந்த குழாயை அவர் பிடுங்கி எறிந்ததில் சுவரிலும் இரத்தம். இளையவனின் சேர்ட்டில் இருந்தது எங்கே இருந்து வந்தது என்று விளங்கியது.

இரண்டு பாதுகாப்புக்காரர் அவரைக் கட்டிலோடு அமுக்கிக்கொண்டிருந்தார்கள். பசிபிக் தீவுக்காரர்கள், ஒவ்வொருவனும் ஒரு கதவு அகலம். அதில் ஒருவன், “ஈசி, அங்கிள், ஈசி” என்று தன் தகப்பனிடம் கெஞ்சுகிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தான். மூத்தவர் தலையைத் திருப்பி அவன் முன்னங்கையைக் கடித்தார். பல் இறங்கினதைப் பார்த்தேன். அந்தப் பெடியன் கையை எடுக்கவில்லை. “ஈசி, அங்கிள்” என்றான் திரும்பவும், கண்ணில் தண்ணீரோடு.

மூத்தவர் என்னைக் கண்டார். என்னை அறிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

“அக்கா, கிட்ட வராதேங்கோ. இவங்கள் ஆமிக்காரர். முகம் கழுவிக்கொண்டு வந்திருக்கிறாங்கள்.”

போர்வை விலகிக் கிடந்தது. அந்தப் பாதம் கரி. மேலே கணைக்கால்வரை கத்தரிக்காய் நிறம். அதற்கும் மேலே சிவப்புக் கோடுகள் ஏறிக்கொண்டிருந்தன. இறைச்சி, மீன் என்று எத்தனையோ கெட்ட மணங்களைக் குசினியில் பார்த்தவள் நான். அன்றைக்கு வெளியே ஓடிப்போய்க் குப்பைவாளியைப் பிடித்துக்கொண்டேன்.

அங்கேயே சத்திரசிகிச்சை டொக்டர் வந்தார். குள்ளமான பெண், குரல் மட்டும் பெரிது. என் ஆங்கிலம் கடையில் கற்றது, ஆனால் அவர் சொன்னது விளங்கியது. முழங்காலுக்கு மேலே எடுக்கவேண்டும். இன்றைக்கே. நஞ்சு இரத்தத்தில் கலந்துவிட்டது. உயிர் போகிற விளிம்பில் ஒருவர் நின்றால் ஒருவரையும் கேளாமல் வெட்டச் சட்டம் விடுமாம். “இவர் இன்னும் அந்த விளிம்புக்கு வரவில்லை. வரட்டும் என்று நான் காத்திருந்தால், வெட்டுவது காலையா பிணத்தையா என்று தெரியாது” என்றார்.

மிச்சத்தை ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர் சொன்னாள். இளம் பெண், மணிக்கட்டு நிறைய வளையல். நோயாளிக்கு இப்போது தன் விஷயத்தைத் தானே தீர்மானிக்கும் புத்தி இல்லை. அப்படியானால் நெருங்கின உறவு சம்மதம் சொல்லலாம். ஆனால் இவர் வாயாலும் கையாலும் பல்லாலும் மாட்டேன் என்கிறார். அந்த மறுப்பை மீறிச் செய்ய உறவின் சம்மதம் மட்டும் போதாது. அதற்கு அதிகாரம் கொடுத்து ஒருவரைப் பாதுகாவலராக நியமிக்கவேண்டும். அதை ஒரு தீர்ப்பாயம்தான் செய்யலாம். அவசரம் என்பதால் இன்னும் சற்று நேரத்தில் ஃபோனிலேயே விசாரணை.

“தம்பி இருக்கிறார்தானே, அவரையே நியமிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்” என்று இளையவனைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன், தம்பி என்று ஒருவன் இல்லாவிட்டால்?” என்றேன்.

“அப்போது அரசாங்கத்தில் அதற்கென்று ஒரு அலுவலகம் இருக்கிறது. அங்கே ஒருவரை நியமிப்பார்கள். நோயாளியை முன்பின் பார்த்திராத ஒருவராகத்தான் இருக்கும்.”

இதை இளையவனுக்குச் சொன்னேன். ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன். அவன் முகம் இன்னும் இருண்டது.

“முகம் தெரியாதவனோ? அவன் அண்ணை கத்துறதைக் கேட்டு, ஆள் வேண்டாமெண்டு சொல்லுறார்தானே, விடுங்கோ எண்டு சொல்லிப்போட்டால்? நான் பொய் சொன்னால் அண்ணை பிழைப்பார் அன்ரி. உண்மை சொன்னால் என்ன நடக்குமெண்டு தெரியாது.”

எனக்கும் தெரியாது. அவன் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன்.

காற்று வாங்கக் கார் நிறுத்தும் இடத்துக்கு இறங்கினோம். மற்றவன் அங்கே காத்துக்கொண்டு நின்றான். வேலைச் சப்பாத்தோடு, தலையில் சீமெந்துத் தூசியோடு ஓடி வந்திருக்கிறான். இளையவனின் முகத்தைப் பார்த்தவுடனே விளங்கிக்கொண்டான்.

“சொல்லப்போறியோ?”

“இன்னும் தெரியாது.”

“நாயே! உன்ர விசாவோட மட்டும் போகுமெண்டோ நினைக்கிறாய்? கதவைப் பூட்டினது நான். என்னையும் சேர்த்தெல்லோ ஏத்துவாங்கள்!”

முதல் குத்து வயிற்றில். இளையவன் மடிந்தான். மடிந்தவனின் தலைமயிரைப் பிடித்து, பக்கத்தில் நின்ற காரின் கதவில் மோதினான். கார் அலாரம் அலறத் தொடங்கியது. இளையவன் ஒரு கையைக்கூடத் தூக்கவில்லை. தடுக்காத உடம்பில் விழுகிற அடிக்கு ஒரு தனிச் சத்தம் இருக்கிறது, மாவு மூட்டையைத் தரையில் போடுகிற சத்தம். மற்றவன் விடவில்லை. “அடியடா! அண்டைக்கு அடிச்சியே, இப்ப அடியன்ரா!” என்று அழுதுகொண்டே குத்தினான்.

என் கைப்பையைச் சுழற்றி அவன் காதோடு போட்டேன். அதற்குள்ளே கடைச் சாவிக்கொத்து இருந்தது.

“அன்ரி, நீங்களுமோ!” என்று காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டான். அந்த நேரத்திலும் அவன் முகத்தில் வந்த அந்தப் பெரிய ஆச்சரியத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு முட்டியது. சிரிப்பில்லை அது, வேறென்னவோ. இருமினேன்.

“ஆள் மேல செத்துக்கொண்டிருக்கிறார். கீழ நீங்கள் விசாவுக்கு அடிபடுங்கோடா” என்றேன்.

மற்றவன் எழும்பவில்லை. இளையவன்தான் குனிந்து அவன் தோளில் ஒருமுறை தொட்டுவிட்டு, இரத்தத்தைச் சேர்ட் கையால் துடைத்துக்கொண்டு என் பின்னால் வந்தான்.

விசாரணை நடந்தது ஒரு சின்ன அறையில். மேசை, அதன் நடுவில் ஒரு ஃபோன், சுற்றிவர நாங்கள்: டொக்டர், சமூகப் பணியாளர், இளையவன், நான். நீதிமன்றம் என்றால் உயரமான கதிரையும் கறுப்பு உடுப்பும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே இருந்தது ஒரு பெண்ணின் குரல் மட்டும்தான். ஆறுதலாகப் பேசும் குரல். ஃபோனின் இன்னொரு லைனில் மொழிபெயர்ப்பாளர், தமிழ்நாட்டுப் பிள்ளை. “வணக்கங்க, நான் சொல்றது தெளிவா கேக்குதுங்களா?” என்றாள்.

டொக்டர் தன் பங்கைச் சுருக்கமாகச் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் மூத்தவரின் கத்தல் நிற்கவேயில்லை. ஃபோனில் அந்தக் குரல், “அது நோயாளியா?” என்று கேட்டது. டொக்டர் ஆம் என்றார். அந்தப் பெண் அவர் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

பிறகு இளையவனின் முறை. “நீங்கள் அவருக்கு என்ன உறவு?”

மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் திருப்பிச் சொன்னாள். அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் மேசையில் விழுந்தது. சமூகப் பணியாளர் ஒரு டிஷ்யூவை அவன் பக்கம் தள்ளினாள். அவன் அதை எடுத்து மூக்கைத் துடைக்கவில்லை, மேசையைத் துடைத்தான்.

“உறவில்லை” என்றான். “ஒரே வீட்டில இருக்கிறம். நான்தான் அவரை அடிச்சனான். ஜக் கம்பியால. பிறகு நான்தான் பத்துப் போட்டுக் கட்டினனான். இறுக்கிக் கட்டிப்போட்டன்.”

“பத்துன்னா என்னங்க?” என்றாள் மொழிபெயர்ப்பாளர். அவன் சொன்னான், உழுந்து, முட்டை, சட்டம் என்று. “ஓ, மாவுக்கட்டு மாதிரி” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். ‘ஜக் கம்பி’யில் அவள் குரல் ஒருமுறை தட்டுப்பட்டது. டொக்டர் நெற்றியைக் கையால் தாங்கிக்கொண்டார். சமூகப் பணியாளரின் வளையல்கள் அசையாமல் நின்றன.

“நான் பாதுகாவலரா இருக்கக்கூடாது” என்றான் இளையவன். “அவர் செத்தால் எனக்கு மறியல், ஜெயில்தான். அதால நான் வெட்டச் சொல்லுறனோ, அவர் இருக்கோணும் எண்டு சொல்லுறனோ எண்டு எனக்கே தெரியேல்லை. வேற ஆரும் சொல்லட்டும். ஆனால் கெதியாச் சொல்லச் சொல்லுங்கோ.”

ஃபோனில் அந்தக் குரல் அவனுக்கு நன்றி சொன்னது. திட்டவில்லை. அவன் அடித்தது குற்றமா என்று தீர்ப்பது பொலிசினதும் நீதிமன்றத்தினதும் வேலை, தன்னுடையதில்லை என்றும், தன் முன்னால் இருக்கிற கேள்வி ஒரு மனிதனின் கால் மட்டும்தான் என்றும் சொன்னது. பிறகு என்னைக் கேட்டது. இவர் நல்ல புத்தியோடு இருந்த காலத்தில் இப்படியொன்று வந்தால் என்ன விரும்புவார் என்று உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

மனிதர் பேச்சை நான் சேர்த்து வைத்தது என் சந்தோசத்துக்கு. இப்படி ஒரு இடத்தில் அதை எடுத்து வைக்கச் சொல்வார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை. ஒன்றை மறைத்து ஒன்றைச் சொல்லலாமா என்று ஒரு கணம் மனம் போனது. பக்கத்தில் இரத்தம் வடிய ஒருவன் உண்மையைச் சொல்லிவிட்டு இருக்கிறான், எனக்கு மறைக்க மனம் வரவில்லை. இரண்டையும் சொன்னேன்.

“காலோட வந்தனான், காலோடதான் போவன் எண்டு ஒருக்காச் சொன்னவர். பகிடிக்கோ உண்மைக்கோ தெரியாது. மனிசன் பகிடியாத்தான் எல்லாம் சொல்லுவார்.”

“வேறு?”

“எங்கட கோயிலுக்கு ஒரு கால் இல்லாத ஒருவர் வாறவர். சண்டையில போனது. அவருக்கு இவர்தான் முதல் பந்தியில இடம் வைப்பார். ஏனெண்டு கேட்டன். ‘அக்கா, நாங்களெல்லாம் காலைக் கொண்டுவந்து சேர்த்தம். அவன் காலை விட்டுட்டு ஆளைக் கொண்டுவந்து சேர்த்தவன். ஆள்தான் பெரிசு’ எண்டார்.”

மொழிபெயர்ப்பாளர் அந்தக் கடைசிச் சொல்லை ஆங்கிலத்தில் போட இரண்டு தரம் முயன்றாள். அந்தக் குரல், “விளங்குகிறது” என்றது.

தீர்ப்பு அதே ஃபோனில் வந்தது. தீர்ப்பாயம் அரசாங்க அலுவலகத்திலுள்ள ஒருவரைக் குறுகிய காலத்துக்குப் பாதுகாவலராக நியமிக்கிறது, வைத்தியத்துக்குச் சம்மதம் சொல்லவும், நோயாளி மறுத்தாலும் அதை மீறவும் அவருக்கு அதிகாரம். இளையவனுக்கு இந்த விஷயத்தில் எந்த உரிமையும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்த முகம் தெரியாதவர் டொக்டரை அழைத்தார். ஒரு ஆணின் குரல். இடையில் என்னிடமும் ஃபோன் வந்தது, கோயிலில் சொன்ன அந்தப் பேச்சைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு டொக்டரிடம் சம்மதம் சொன்னார்.

அந்தக் கால் போய்விட்டது. ஆள் இருக்கிறார், வாயும் இருக்கிறது. இளையவனின் வழக்கு இன்னும் முடியவில்லை, அதைப் பற்றி எழுதுவது சரியில்லை.

ஆனால் அந்தப் பின்னேரம் இன்னும் ஒன்று பாக்கியிருந்தது. சம்மதம் கிடைத்துவிட்டது, மயக்க ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை. அவர் பிடுங்கி எறிந்த கையில் இடமில்லை. மற்றக் கையைக் கட்டி வைத்திருந்தார்கள், அதை அசையாமல் வைத்திருக்க அவர் விடவில்லை. தீவுக்காரப் பெடியன் கடிபட்ட கையில் கட்டோடு திரும்பவும் வந்து நின்றான். ஆஸ்பத்திரி அழைத்த பொலிஸ்காரர் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். மூத்தவர் தொண்டை கிழியக் கத்தினார்:

“தம்பி! தம்பியைக் கூப்பிடுங்கோடா! அவன் கட்டினால்தான் சரி!”

சமூகப் பணியாளர் பொலிசைப் பார்த்தாள். பொலிஸ்காரர் டொக்டரைப் பார்த்தார். டொக்டர் இளையவனைப் பார்த்து, “நீங்கள் விரும்பினால் மட்டும்” என்றார். அவன் என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போனான்.

அவனைக் கண்டால் மூத்தவர் அடங்குவார் என்று எல்லாரும் நினைத்தோம். அவர் அடங்கவில்லை. அவிழ்ந்திருந்த கையால் அவன் கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்தார். “கட்டை ஏன்ரா அவிழ்க்க விட்டனி?” என்று முகத்தில் குத்தினார். காய்ச்சல்காரனின் கையில் எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ, சற்று முன் நின்றிருந்த இரத்தம் இளையவனின் மூக்கிலிருந்து திரும்பவும் குபுக்கென்று வந்தது. இன்னொரு குத்து கண்ணில். பாதுகாப்புக்காரன் இளையவனை இழுக்கக் கையைப் போட்டான். அந்தப் பக்கம் நேர்ஸ், கட்டியிருந்த கையில் ஊசியோடு குனிந்திருந்தாள். மூத்தவர் இந்தப் பக்கம் அடித்துக்கொண்டிருக்கிற மட்டும் அந்தக் கை அசையவில்லை.

இளையவன் அதைப் பார்த்தான். பாதுகாப்புக்காரனின் கையைத் தோளிலிருந்து மெல்ல எடுத்துவிட்டான். “அடியுங்கோ அண்ணை” என்று சொல்லி, கட்டிலின் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தை இன்னும் கிட்டக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நின்றான்.